ஐந்து வாரம் பேசாமல் இருந்தேன்

என் அலட்சியத்தால் ஒரு பெண்ணுக்கு நோய் வந்தது. அதை வராமல் தடுக்க மாத்திரை இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஐந்து வாரம் வாயைத் திறக்கவில்லை. இந்த நான்கு வரிகளை எழுத எனக்கு ஆறு வருஷம் பிடித்திருக்கிறது.

ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் லேபில் நான் மூத்த டெக்னீஷியன். இருபத்திரண்டு வருஷ அனுபவம். டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னீஷியன் டிப்ளமா படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுக்கிறேன். நோய்க்கிருமிகளை அவற்றின் ஆபத்தைப் பொறுத்து எப்படிப் பிரிக்கிறார்கள் என்ற பாடம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். கரும்பலகையில் நான்கு கட்டம் போடுவேன். முதல் கட்டத்தில், திடமாக இருக்கும் மனிதருக்கு நோய் தராதவை: தயிரை உறையவைக்கும் பாக்டீரியா, மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட். இரண்டாவதில், நோய் தரும், ஆனால் லேபில் சுலபமாகத் தொற்றாது, மருந்தோ தடுப்பூசியோ உண்டு என்பவை: சீழ்க்கட்டியில் வளரும் ஸ்டஃபைலோகாக்கஸ், மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் பி வைரஸ். மூன்றாவதில், ஆளைப் படுக்கையில் தள்ளக்கூடியவை, பெரும்பாலும் மூச்சு வழியாகவே தொற்றக்கூடியவை, ஆனாலும் சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை: காசநோய், ஆந்த்ராக்ஸ், பிளேக், புரூசெல்லா. நான்காவதில் எபோலா, மார்பர்க், நிபா. உயிரை எடுக்கும், ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவும், பெரும்பாலும் கைவசம் நம்பகமான மருந்து இருக்காது.

பிள்ளைகளில் ஒருவர் எப்போதும் கேட்பார்: "நாய்க்கடி நோய் வந்தா சாவு நிச்சயம்தானே, அது ஏன் நாலாவதுல இல்ல?" நான் பெருமையோடு பதில் சொல்வேன். எவ்வளவு கொடிய நோய் என்பதை மட்டும் வைத்து எண் கொடுப்பதில்லை. எந்த வழியாக நுழைகிறது, எத்தனை கிருமி உள்ளே போனால் நோய் வரும், ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தாவுமா, தடுக்க ஊசி இருக்கிறதா என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்வார்கள். ரேபிஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது, அது காற்றில் ஊருக்குள் பரவுவதும் இல்லை. சில நாடுகள் அதை இரண்டில் வைத்திருக்கின்றன, சில மூன்றில். உலக சுகாதார நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஆய்வகப் பாதுகாப்புக் கையேட்டிலேயே, ஒவ்வொரு நாடும் தன் நிலைமைக்கு ஏற்பத் தன் பட்டியலைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் சொன்னது. இப்படியெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் என் கை வேறொரு பட்டியலின்படி வேலை செய்தது. எந்த நோயின் பேரைக் கேட்டால் ஊர் பயப்படுமோ, அதற்கு மட்டும்தான் நானும் பயந்தேன்.

ஒரு புதன்கிழமை காலையில் இரண்டு வேலை என் முன்னால் இருந்தது. ஒன்று, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய ரத்தக் குழாய், எச்.ஐ.வி. உள்ளவருடையது. இன்னொன்று, பிளட் கல்ச்சர் பாட்டில். உள்ளே கிருமி வளர்கிறது என்று மெஷின் நான்கு நாள் கழித்து அன்றுதான் அதற்குப் பீப் அடித்திருந்தது. கூட வந்த சீட்டில் "காய்ச்சல், 2 மாதம்" என்பதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. சிவப்பு ஸ்டிக்கர் குழாயைத் தொடும்போது இரண்டு ஜோடி கையுறை போட்டேன். முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பும் மாட்டினேன். அதை முடித்ததும் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, ஒற்றைக் கையுறையோடு, மாஸ்க் கழுத்தில் தொங்க, பாட்டிலை எடுத்தேன்.

எச்.ஐ.வி. ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றுவது ஆயிரத்தில் ஏறக்குறைய மூன்று பேருக்கு. அந்தப் பாட்டிலுக்குள் இருந்தது, பத்திலிருந்து நூறு கிருமி மூச்சோடு உள்ளே போனாலே நோய் தரக்கூடியது. எச்.ஐ.வி.க்கு எடுத்த கவனம் தப்பில்லை. அந்தக் கவனத்தில் பாதிகூட மற்றதற்கு எடுக்கவில்லையே என்பதுதான் என் குற்றம்.

ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். இளஞ்சிவப்பில், மிக நுண்ணிய மணலைத் தூவியது போல இருந்தது. குச்சியா உருண்டையா என்று சொல்ல முடியவில்லை, சாயமும் சரியாகப் பிடிக்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் இப்படித் தெரிந்தால் கையை எடுத்துவிட்டு யோசிக்க வேண்டும். ஏதோ தோலிலிருந்து வந்த அழுக்கு என்று நினைத்து பிளேட்டில் இழுத்து வைத்தேன். வியாழக்கிழமை பிளேட் வெறுமையாகக் கிடந்தது. வழக்கமான பாக்டீரியா என்றால் ஒரே ராத்திரியில் வளர்ந்திருக்கும். அந்த எச்சரிக்கையையும் விட்டேன். வெள்ளிக்கிழமை குண்டூசித் தலையில் பாதி அளவுக்குச் சின்னச் சின்னக் காலனிகள் பனித்துளி போல வந்திருந்தன. மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். வாசனையை வைத்தே கிருமியின் பேரைச் சொல்வதை ஒரு திறமையாக நினைத்து வளர்ந்தவள் நான்.

பிறகு பிளேட்டை எங்கள் லேபில் சேர்ந்து எட்டு மாதமே ஆகியிருந்த பெண்ணிடம் கொடுத்தேன். "கேட்டலேஸ், ஆக்ஸிடேஸ், யூரியேஸ் மூணும் போட்டு, மெஷினுக்கும் ஏத்திடும்மா" என்றேன். அவள் பிளேட்டைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள்.

"அக்கா, என்னன்னு தெரியலையே, ஹூட்டுக்குள்ள வெச்சுப் பண்ணட்டுமா?"

"இதுக்கெல்லாம் எதுக்கு ஹூட்? பெஞ்சிலேயே பண்ணு."

ஹூட் என்று நாங்கள் சொல்வது பயோசேஃப்டி கேபினட்டை. வேலை செய்பவரின் முகத்துக்கும் கிருமிக்கும் நடுவே காற்றுத் திரை போட்டு, உள்ளே எழும் துகளை வடிகட்டியில் பிடித்துவைக்கும் பெட்டி. எங்கள் லேபில் அதைக் காசநோய்ச் சளிக்கு மட்டும் திறப்போம். மற்ற நேரத்தில் அதற்குள் ரீஏஜண்ட் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தோம். அடுக்கியவள் நான். அவற்றை எடுத்து வெளியே வைக்க ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் அன்றைக்கு மிச்சப்படுத்தினேன்.

கேட்டலேஸ் சோதனையில், கண்ணாடித் துண்டில் வைத்த காலனியின் மேல் ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஒரு சொட்டு விட்டால் சோடா மாதிரிப் பொங்கும். ஒவ்வொரு குமிழி உடையும்போதும் கண்ணுக்குத் தெரியாத திவலை காற்றில் ஏறும். பேர் கண்டுபிடிக்கும் மெஷினுக்காகக் கிருமியை உப்பு நீரில் கலக்கிக் குலுக்கும்போதும் அதேதான். அவள் குனிந்து, கவனமாக, நான் சொன்ன எல்லாவற்றையும் செய்தாள். ஒன்றும் கொட்டவில்லை, உடையவில்லை, கையில் குத்தவில்லை. யூரியேஸ் குழாய் அரை மணி நேரத்துக்குள் ரோஜா நிறமாக மாறிவிட்டது. மெஷின் மறுநாள் காலையில் ஆபத்தில்லாத ஏதோ ஒரு கிருமியின் பேரை அச்சடித்துக் கொடுத்தது.

அந்தப் பேரைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. புரூசெல்லாவை இந்த மாதிரி மெஷின்கள் வேறு பேர் சொல்லி ஏமாற்றும் என்று ஒரு பயிற்சியில் கேட்டிருந்தேன். நேராக வார்டுக்குப் போனேன். நோயாளி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் திரும்பினார். டைபாய்டு என்று இரண்டு முறை மருந்து சாப்பிட்டு முடித்தவர். "என்ன தொழில் ஐயா?" என்று கேட்டேன். "ஆடு வளக்கறேம்மா. போன தையில ரெண்டு சினையாடு குட்டி வீசிருச்சு. நான்தான் கையால எடுத்துப் போட்டேன்" என்றார். கன்று வீச்சு நோய் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். வீசிய குட்டியிலும் நஞ்சுக்கொடியிலும் இந்தக் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். 1887-இல் மால்டா தீவில் டேவிட் புரூஸ் இறந்துபோன சிப்பாய்களின் மண்ணீரலிலிருந்து பிரித்தெடுத்த கிருமி. அங்கே அது ஆட்டுப்பாலில் வருகிறது என்பதை 1905-இல் தெமிஸ்டோக்லிஸ் ஸம்மிட் கண்டுபிடித்தார். நூறு வருஷத்துக்கு மேலாகப் புத்தகத்தில் இருக்கும் விஷயம். இதையும் நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

லேபுக்கு வந்து, நாங்கள் மேடம் என்று கூப்பிடும் தலைமை மருத்துவரிடம் சொன்னேன். "புரூசெல்லாவாக இருக்கலாம்" என்று அன்றே வார்டுக்குத் தகவல் போனது. நோயாளிக்குச் சரியான சிகிச்சை தொடங்கியது. மாதிரியை மூன்றடுக்குப் பெட்டியில் கட்டி, பெரிய ஆய்வகத்துக்கு உறுதிசெய்ய அனுப்பினோம். இதெல்லாம் சரியாக நடந்தது. அப்போது மேடம் ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் ஹூட்லதானே பண்ணீங்க?"

"ஆமாம் மேடம்."

இரண்டே வார்த்தை. அடுத்த மாதம் தரச்சான்று ஆய்வுக்கு ஆட்கள் வரவிருந்தார்கள். பேர் தெரியாத கல்ச்சரை ஹூட்டுக்குள்தான் திறக்க வேண்டும் என்று சொல்லும் எங்கள் நடைமுறைப் புத்தகத்தின் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தவள் நான். இத்தனை வருஷம் சேர்த்த பேர் போய்விடுமே என்று பயந்தேன். வேறு காரணம் இல்லை.

இப்படிக் கிருமி மூச்சோடு உள்ளே போயிருக்கலாம் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பமே கிடையாது. அந்த அறையில் இருந்தவர்களைப் பட்டியல் போட வேண்டும். டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் மூன்று வாரம் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் வரை இடைவெளி விட்டு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். உடனே தொடங்கினால்தான் பலன். இது எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணோடு தினமும் ஒரே மேசையில் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டேன். அவள் அம்மா வைத்த வத்தக்குழம்பை எனக்கும் ஊற்றுவாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு நாக்குக்கடியில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பேன். எனக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்த்தேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தத் தெர்மாமீட்டர்தான் எனக்கு எதிரான சாட்சி. ஆபத்து எனக்குத் தெரியவில்லை என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது. ஒன்பதாம் நாள் உறுதிசெய்த தகவல் வந்தது. அப்போதும் சொல்லவில்லை. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம் புதிதாகச் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு நாள் தள்ளிப்போனபோதும் அடுத்த நாள் சொல்வது இன்னும் கஷ்டமானது.

ஐந்தாவது வாரம் அவள் இரண்டு நாள் லீவு போட்டாள். திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது. "சாயங்காலமானா காய்ச்சல் வருதுக்கா. ராத்திரி வேர்த்து துணியெல்லாம் நனைஞ்சிடுது. இடுப்பு விட்டுப்போகுது. டைபாய்டா இருக்கும்னு பக்கத்துத் தெரு டாக்டர் மாத்திரை குடுத்திருக்கார்" என்றாள். ஆட்டுக்காரரின் கதையையே அவள் வாயிலிருந்து கேட்டேன். அவர் இரண்டு மாதம் அலைந்த அதே வழியில் அவளும் அலையத் தொடங்கியிருந்தாள்.

அப்போதுதான் மேடத்தின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், பொய் சொன்னதையும் சேர்த்து. அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு அந்த வெள்ளிக்கிழமை அறையில் யார் யார் இருந்தார்கள் என்று மட்டும் கேட்டார். என்னையும் சேர்த்து ஐந்து பேர். எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவள் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் மிக அதிகமாக இருந்தது, கல்ச்சரிலும் அதே கிருமி வளர்ந்தது. மற்ற நால்வருக்கும் தாமதமாகவேனும் மாத்திரை தொடங்கினார்கள். பிளேட்டை முகர்ந்த எனக்கு நோய் வரவில்லை.

அவளுக்கு ஆறு வாரச் சிகிச்சை. காய்ச்சல் போனது, ஆனால் இடுப்புவலி போக அதற்கு மேலும் பல மாதம் ஆனது. மருத்துவமனையில் அவளைப் பார்க்கப் போன அன்று அவள் என்னைத் திட்டவில்லை. "அக்கா, அன்னிக்கே சொல்லியிருந்தா நான் மாத்திரை போட்டிருப்பேன்ல?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

எனக்கு மெமோ கொடுத்தார்கள், ஒரு வருஷ இன்கிரிமெண்ட்டை நிறுத்தினார்கள். அது போதாது என்றே இன்றும் நினைக்கிறேன்.

பிறகுதான் நான் நடத்திய பாடத்தையே உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். லேபில் வேலை செய்பவர்களுக்கு வந்த தொற்றுகளை அமெரிக்காவில் சல்கினும் பைக்கும் 1951-இல் தொகுத்தபோது, பட்டியலில் முதலிடத்தில் இருந்தது புரூசெல்லா. 1976-இல் பைக் மீண்டும் தொகுத்த 3,921 தொற்றுகளில், இன்ன விபத்தால் வந்தது என்று சொல்ல முடிந்தது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவர்களெல்லாம் அவளைப் போலத்தான். கொட்டவில்லை, குத்தவில்லை, ஆனாலும் நோய் வந்தது.

2009-இல் சிகாகோவில் மால்கம் கசாடபன் என்ற விஞ்ஞானி பிளேக் கிருமியால் இறந்தார். அவர் ஆராய்ந்தது, இரும்புச் சத்தை உறிஞ்சும் திறனை இழந்ததால் வலுக்குறைந்துபோன வகை. ஆபத்தில்லாதது என்று கருதி அதற்குக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியிருந்தார்கள். அவர் உடம்பிலோ, இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் பரம்பரைக் கோளாறு இருந்தது. அது அவருக்கே தெரியாது. கிருமிக்கு இல்லாதிருந்ததை அவர் உடம்பு கொடுத்துவிட்டது. பிரிவு எண் கிருமியைப் பற்றி மட்டுமே சொல்கிறது. எதிரே நிற்கும் ஆளைப் பற்றியும், அவர் செய்யும் வேலையைப் பற்றியும் அது ஒன்றும் சொல்வதில்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நான்காம் பதிப்பில், பிரிவு எண்ணை மட்டும் பார்த்துப் பாதுகாப்பை முடிவு செய்யாதீர்கள், என்ன வேலை, யார் செய்கிறார், திவலை எழும்புமா என்று ஒவ்வொரு முறையும் எடைபோடுங்கள் என்று சொல்லிவிட்டது.

எண்ணில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பேர் தெரிந்த பிறகுதான் எண் வரும். 2018 மே மாதம் கோழிக்கோடு பக்கம் நிபா வந்தபோது, நான்காம் பிரிவு வைரஸ் என்று யாருக்கும் தெரியாமல் சாதாரணக் காய்ச்சலாகத்தான் அது மருத்துவமனைக்குள் நுழைந்தது. நோயாளியைக் கவனித்த செவிலியர் ஒருவரும் இறந்துபோனார். நம் மண்ணிலேயே மெலியாய்டோசிஸ் கிருமி இருக்கிறது. 1912-இல் இரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் சேர்ந்து உலகுக்குச் சொன்ன நோய் அது. வயல் சேற்றில் வாழும், சர்க்கரை நோயாளிகளைக் கடுமையாகத் தாக்கும், பல நாடுகள் மூன்றாம் பிரிவில் வைத்திருக்கின்றன. அதையும் சூடோமோனாஸ் என்ற வேறு கிருமியாகத் தவறாக எழுதிவிடுவது எளிது. என் இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி எத்தனை பிளேட்டை முகர்ந்து பார்த்துவிட்டுக் குப்பைப் பையில் போட்டேனோ என்ற எண்ணம் இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

இப்போது எங்கள் ஹூட்டுக்குள் டப்பா எதுவும் கிடையாது. பீப் அடித்த எந்தப் பாட்டிலையும், பேர் தெரியும்வரை, அதற்குள்தான் திறக்கிறோம். பிளேட்டை முகர்ந்தால் அந்த இடத்திலேயே கண்டிக்கும் உரிமை நேற்றுச் சேர்ந்த பிள்ளைக்கும் உண்டு. வகுப்பில் நான்கு கட்டம் போட்ட பிறகு, கட்டத்துக்கு வெளியே ஐந்தாவதாக ஒரு வட்டம் போட்டு "பேர் தெரியாதது" என்று எழுதுகிறேன். அதற்குப் பக்கத்தில் இந்தக் கதையை, என் பொய்யையும் விடாமல், சொல்கிறேன். அந்தப் பெண் இப்போதும் எங்களோடுதான் வேலை செய்கிறாள். பேரை மட்டும் போடாமல் எழுதிக்கொள்ளுங்கள் என்று அவள் சொன்ன பிறகே இதை எழுதினேன்.

நாள்பட்ட காய்ச்சலோடு வருபவரின் சீட்டில், ஆடு மாடு வளர்க்கிறாரா, வயலில் இறங்குகிறாரா என்று ஒரு வரி எழுதுங்கள் என மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒரு வரி அன்றைக்கு இருந்திருந்தால் நான் ஹூட்டைத் திறந்திருப்பேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். ஆனால் என்னைப் போன்ற ஒருத்தியை அது நிறுத்தக்கூடும். ஆடு மாடு வைத்திருப்பவர்களே, வீசிய குட்டியை வெறுங்கையால் தொடாதீர்கள், பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

லேபில் வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று மட்டும். தவறு எவருக்கும் நேரும். நேர்ந்துவிட்டால், பேர் போகுமே, வேலை போகுமே என்று யோசித்துக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். பக்கத்தில் நின்றவரிடமும் உங்கள் மேலதிகாரியிடமும் அன்று மாலைக்குள் சொல்லிவிடுங்கள்.